ஆற்று மணல் தந்த தொடர்

சான் ரமோனின் பிஷப் ரான்ச் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தமிழர் காதில் ‘இட் டிடின்ட் பேன் அவுட்’ என்ற பேச்சு விழாமல் இருக்காது. நினைத்தது பலிக்கவில்லை என்று பொருள். பொருள் புரிந்ததும் பலர் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேயே நின்று ரசிக்கத் தோன்றுகிறது.

இது இந்த மண்ணோடு ஒட்டிய தொடர். காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் கொலோமா. அமெரிக்கன் ஆற்றங்கரையில், சட்டரின் மர அறுவை ஆலைக்கு வெட்டிய கால்வாயில், 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் பொன் துணுக்குகளைக் கண்டார். அடுத்த ஆண்டே ஊர் உலகமெல்லாம் திரண்டு வந்தது. வந்தவர்களின் முதல் கருவி ஓர் அகலத் தட்டு, அதுதான் பேன். ஆற்று மணலை அள்ளி, நீரில் சுழற்றி அலசி, மெல்லச் சாய்ப்பார்கள். மணல் வழிந்து போகும். தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனமான பொன் அடியில் தங்கும். பாட்டிமார் அரிசியில் கல் அரித்த அதே கைப்பக்குவம். அவர்கள் அடியில் தங்கியதைக் கொட்டினார்கள். இங்கே அடியில் தங்குவதற்காகத்தான் அத்தனை பாடும்.

இனி நயத்தைப் பாருங்கள். தொடரின் எழுவாய் அந்த மணல். குளிர்ந்த ஆற்றில் முதுகொடியக் குனிந்து அலசியவன் தன் வேலையைச் சரியாகவே செய்தான். மணலில் பொன் இல்லை, அவ்வளவுதான். கூட்டத்தில் ஒருவர் இப்படிச் சொல்லும்போது யார் தலையிலும் பழி விழுவதில்லை. ‘தோற்றுவிட்டோம்’ என்று தமிழாக்கினால் இந்தக் கனிவு போய்விடும். ‘கைகூடவில்லை’ என்பதே சரியான இணை. அதிலும் கூடாமற்போனது காரியம்தான்.

பொன்னை வைத்து நாம் பேசுவதெல்லாம் பட்டறையில் பிறந்தவை: உரைத்துப் பார்ப்பது, புடம் போடுவது, பத்தரை மாற்று. கைக்கு வந்துவிட்ட பொன்னின் தரம் பற்றியவை அவை. கலிஃபோர்னியாக்காரரின் பேச்சில் அதற்கும் முந்தைய கேள்வி இருக்கிறது: பொன் உண்டா, இல்லையா? நாலாம் வகுப்பில் மாநில வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் கையைச் சுழற்றியே காட்டிவிடுவார்கள்.

‘ஃபிளாஷ் இன் த பேன்’ என்பதையும் இந்த ஆற்றோடு சேர்ப்பவர்கள் உண்டு. அந்த பேன் வேறு. பழங்காலத் துப்பாக்கியில் வெடிமருந்து இடும் சிறு குழி. அங்கே மருந்து பளிச்சென்று எரிந்தும் குண்டு கிளம்பாமல் போவதைத்தான், ஆரவாரமாகத் தொடங்கி அதோடு அடங்கிப்போகும் முயற்சிக்குச் சொல்கிறார்கள். மார்ஷல் பொன்னைக் காண்பதற்கு நூறாண்டுக்கும் முன்பே அது ஆங்கிலத்தில் வழங்கியது.