ஒரே முகம், பல பெயர்கள்: எல்எஸ்3/5ஏ ஒலிபெருக்கிகளின் மூலத்தை அறிதல்

எல்எஸ்3/5ஏ என்பது பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பிபிசி 1970-களின் முற்பகுதியில் வடிவமைத்த சிறிய மானிட்டர் ஒலிபெருக்கி. ஏறத்தாழ 30 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், 16 செ.மீ. ஆழம் கொண்ட மூடிய மரப்பெட்டி இது. பல நிறுவனங்கள் உரிமம் பெற்று இதைத் தயாரித்ததால், ஏறக்குறைய ஒரே தோற்றமுள்ள பெட்டிகள் வெவ்வேறு பெயர்களில் பழம்பொருள் சந்தையில் கிடைக்கின்றன. இவற்றின் மூலத்தைப் பெயர்ப்பட்டையை வைத்தே தீர்மானிப்பதும், அந்தப் பெயருக்கு ஏற்ப விலை வைப்பதும் சேகரிப்பாளர்களிடையே பரவலான வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளில் இடம் குறைவு. பெரிய ஒலிபெருக்கியை அங்கே வைக்க முடியாது. தலையணி ஒலிபெருக்கி மட்டும் போதவில்லை. இந்தத் தேவைக்காகவே பிபிசி ஆய்வுத் துறை இதை உருவாக்கியது. வடிவமைப்பை விளக்கும் அறிக்கையை ஹார்வுட், வாட்டன், மில்ஸ் ஆகியோர் 1976-இல் வெளியிட்டனர். தாழ்ந்த ஒலிகளுக்கு கெஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரும், உயர்ந்த ஒலிகளுக்கு அதே நிறுவனத்தின் டி27 ட்வீட்டரும் பயன்பட்டன. ஒலியை இரண்டுக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் சுற்றை பிபிசி வடிவமைத்தது.

ரோஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஸ்பெண்டார், குட்மன்ஸ், ஹார்பெத், கெஃப் ஆகியவை உரிமம் பெற்ற நிறுவனங்களுள் சில. யார் தயாரித்தாலும் பெட்டி பிபிசி வகுத்த அளவுகோலுக்குள் அமைய வேண்டும் என்பதே உரிமத்தின் அடிப்படை. ஆகவே இவை ஒன்றுபோல இருப்பது போலித்தனத்தின் அடையாளமாகாது. அதுவே வடிவமைப்பின் நோக்கம்.

பெயர்ப்பட்டை சொல்லாதவை

பெயர்ப்பட்டை விற்றவரைச் சொல்கிறது. வடிவமைத்தவர், ஒலி எழுப்பும் பாகங்களைச் செய்தவர், பெட்டியைச் செய்தவர், கோத்துச் சோதித்தவர் ஆகிய நால்வரைப் பற்றியும் அது தனித்தனியாக எதையும் சொல்வதில்லை. ரோஜர்ஸ் பெயருள்ள பெட்டியிலும் ஸ்பெண்டார் பெயருள்ள பெட்டியிலும் ஒலி எழுப்புவது கெஃப் செய்த பாகங்களே.

நிறுவனப் பெயர்களும் கைமாறியுள்ளன. ரோஜர்ஸ் நிறுவனம் 1970-களின் நடுவில் நொடித்தபின் அப்பெயர் ஸ்விஸ்டோன் நிறுவனத்திடம் சென்றது. பின்னர் அதே ஸ்விஸ்டோன் சார்ட்வெல்லையும் வாங்கியது. 1990-களில் ரோஜர்ஸ் பெயர் ஹாங்காங் நிறுவனம் ஒன்றின் உடைமையானது. ஹார்பெத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதைத் தொடங்கியவர் பிபிசி அறிக்கையை எழுதிய அதே ஹார்வுட். ஆனால் ஹார்பெத் பெயரில் எல்எஸ்3/5ஏ வந்தது அவர் நிறுவனத்தைக் கைமாற்றிய பிறகுதான். பெயரைப் பார்த்து வடிவமைப்பாளரின் கைவண்ணம் என்று நம்பி வாங்குபவர் இங்கே தவறுகிறார்.

தோற்றம் ஏமாற்றும் இடங்கள்

லின் நிறுவனத்தின் கான் ஒலிபெருக்கி அளவில் எல்எஸ்3/5ஏ-யை ஒத்தது. அதிலும் பி110 உண்டு. ஆனால் அதன் கிராஸ்ஓவரும் ட்வீட்டரும் வேறு. பிபிசி வடிவமைப்புடன் அதற்கு உறவில்லை. மாறாக, ரோஜர்ஸ் நிறுவனர் ஜிம் ரோஜர்ஸ் பின்னாளில் உருவாக்கிய ஜேஆர்149 உருளை வடிவ அலுமினியக் கூட்டில் அமைந்தது. உள்ளே இருப்பவையோ பி110, டி27. முன்னது முகத்தில் உறவினர், பின்னது உள்ளுறுப்பில் உறவினர். இரண்டுமே எல்எஸ்3/5ஏ அல்ல.

உள்ளிருக்கும் சான்றுகள்

முகப்புத் துணியைக் கழற்றினால் ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளிப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் மேல் துளையிட்ட உலோக மூடி இருக்க வேண்டும். வூஃபர் முகப்புப் பலகையின் பின்புறமிருந்து பொருத்தப்பட்டிருக்கும். முகப்புப் பலகையைத் திருகு கழற்றி எடுத்தால் பாகங்களின் பின்பக்க முத்திரைகள் தெரியும்: முதற்கால வூஃபரில் எஸ்பி1003, ட்வீட்டரில் எஸ்பி1032. பெட்டியின் சுவர் பிர்ச் ஒட்டுப்பலகை.

மின்மறுப்பு காலத்தைக் காட்டும் சான்று. தொடக்ககால ஒலிபெருக்கிகள் 15 ஓம். பி110-இன் இயல்பு உற்பத்தியில் மெல்ல விலகிச் சென்றதால் 1980-களின் பிற்பகுதியில் வூஃபரும் கிராஸ்ஓவரும் திருத்தப்பட்டு 11 ஓம் வடிவம் வந்தது. ஹார்பெத், கெஃப் பெயர்களில் வந்தவை இந்தத் திருத்தத்துக்குப் பிற்பட்டவை. எனவே அந்தப் பெயர்களுடன் 15 ஓம் என்ற குறிப்பு இருந்தால் ஐயம் கொள்ள இடமுண்டு.

முதற்கால கிராஸ்ஓவரில் ட்வீட்டரின் ஒலியளவைத் தேர்ந்தெடுக்கப் பல இணைப்பு முனைகள் உண்டு. அந்தந்தப் பெட்டியின் பாகங்களுக்கு ஏற்ப முனை தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே பழுதுபார்க்கும்போது வேறொரு பி110-ஐ, அது அசலே ஆனாலும், பொருத்தினால் பழைய பொருத்தம் குலையலாம். பெயர்ப்பட்டையில் இதற்கு எந்தத் தடயமும் இராது.

மதிப்பீடு

சான்றுகளை மாற்றுவது எவ்வளவு எளிது என்பதை வைத்து அவற்றின் எடையை நிர்ணயிப்பதே சரியான முறை. ஒட்டும் பட்டையை நிமிடத்தில் மாற்றலாம். முகப்புத் துணியை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம். பெட்டி, கிராஸ்ஓவர், ஒலி எழுப்பும் பாகங்கள் மூன்றையும் ஒரே காலத்துக்குரியவையாகச் சேர்ப்பது கடினம். சேகரிப்பாளர் வழக்கமோ எளிதில் மாறக்கூடிய சான்றுக்கே மிகுந்த விலை தருகிறது.

பெயர்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று வாதிடுவதும் மிகை. பெட்டி வேலையின் தரம், பாகங்களைத் தேர்ந்தெடுத்த கவனம், முப்பது நாற்பது ஆண்டுகால மூப்பு ஆகியவை ஒரு ஜோடியை மற்றொன்றிலிருந்து பிரிக்கலாம். ஆனால் அவை அந்த ஜோடியின் பண்புகள். நிறுவனப் பெயரின் பண்புகளாக அவற்றைப் பொதுமைப்படுத்த முடியாது. ஒரு ஜோடியைப் பற்றிய நேர்மையான விவரிப்பு, மின்மறுப்பு, வரிசை எண்கள் இணையாக உள்ளனவா என்பது, பாகங்களின் முத்திரைகள், கிராஸ்ஓவர் வகை, மாற்றப்பட்டவை எவை என்பது ஆகியவற்றை முதலில் சொல்ல வேண்டும். நிறுவனப் பெயர் அதன் பிறகு வரட்டும்.