ஏர் பிஸ்டலுக்கு எந்தக் கிரிப்?

ஸ்கோர் ஓரிடத்தில் நின்றுவிட்டால் ரேஞ்சில் முதல் சந்தேகம் பிஸ்டல் மேல்தான் விழும். ஸ்டெயர் வைத்திருப்பவர் மொரினி வாங்கலாமா என்று விசாரிப்பார். மொரினி வைத்திருப்பவர் வால்தரை ஏக்கத்தோடு பார்ப்பார். இந்தத் தரத்துப் பிஸ்டல் எதுவானாலும் வைஸில் இறுக்கிப் பொருத்தி நல்ல பெல்லட் போட்டுச் சுட்டால், 10 மீட்டரில் எல்லாக் குண்டும் பத்தாம் வளையத்துக்குள்ளேயே விழும். வைஸ் பிடிக்கும் இடத்தில் நம் கை வரும்போதுதான் வளையங்கள் விரிகின்றன. ஆகவே பிஸ்டலை மாற்ற லட்சக்கணக்கில் கணக்குப் போடும் முன், கையும் இரும்பும் சந்திக்கும் அந்த மரத்துண்டைப் பாருங்கள்.

ஒரே ஏர் பிஸ்டலில் வெவ்வேறு கிரிப்புகளை மாற்றி மாட்டிப் பழகிப் பார்த்ததில் எழுதுகிறேன்: பிஸ்டலோடு வந்த மீடியம் சைஸ் வால்நட் கிரிப், அதே கம்பெனியின் ஸ்மால், கை வரைபடம் அனுப்பிச் செய்து வாங்கிய மரக் கிரிப், முப்பரிமாண பிரின்டரில் அடித்த பிளாஸ்டிக் கிரிப். என் கை நடுத்தரமானது, விரல்கள் குட்டை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஏர் பிஸ்டலில் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் தூரம். கை ஆடி, பிஸ்டல் முழுவதும் 1 மில்லிமீட்டர் நேராகப் பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் அட்டையில் 1 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் என்பதால் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மணிக்கட்டு லேசாகத் திரும்பி, முன் சைட் மட்டும் பின் சைட்டின் பள்ளத்திலிருந்து அதே 1 மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது 30 மில்லிமீட்டராகப் பெருகிவிடும். பத்து இருக்க வேண்டிய இடத்தில் ஏழு. கை ஆட்டத்தை எந்தக் கிரிப்பும் நிறுத்தாது. அந்த மணிக்கட்டுத் திருப்பத்தைத்தான் நல்ல கிரிப் தடுக்கிறது.

ஆகவே கிரிப்பைச் சோதிக்க இலக்கு அட்டை வேண்டாம். பிஸ்டலில் பெல்லட் இல்லை என்று பார்த்து உறுதி செய்துகொண்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, வழக்கமாகச் சுடும் உயரத்தில் நிறுத்தியபின் கண்ணைத் திறங்கள். முன் சைட் பள்ளத்தின் நடுவில், இருபுறமும் சம வெளிச்சத்தோடு நிற்கிறதா? வலப்பக்கமோ மேலேயோ ஏறி நிற்கிறதா? எப்போதும் ஒரே பக்கம் விலகினால் குறை கிரிப்பில். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் விலகினால் கிரிப்பைத் தொடாதீர்கள், உங்கள் பிடி இன்னும் பழகவில்லை.

மீடியம் கிரிப் உள்ளங்கையில் நிறைவாக உட்கார்ந்தது. கடையில் கையில் எடுத்தால் யாருக்கும் பிடித்துப்போகும். இந்தச் சோதனையில்தான் அது தோற்றது: முன் சைட் விடாமல் ஒரு பக்கமாகவே விலகி நின்றது. காரணம் உள்ளங்கை அல்ல, ஆள்காட்டி விரல். கிரிப் கம்பெனிகளின் சைஸ் அட்டவணை பெரும்பாலும் உள்ளங்கை அகலத்தைத்தான் கேட்கிறது. அதன்படி நான் மீடியம். ஆனால் டிரிகரை எட்டுவது விரல் நீளத்தைப் பொறுத்தது. குட்டை விரல்காரர் டிரிகரை எட்டுவதற்காகத் தன்னை அறியாமல் கையைக் கிரிப்பைச் சுற்றி நகர்த்துவார். உடனே குழல் முழங்கையின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். அப்படியும் விரல் நுனி மட்டுமே டிரிகரில் படும். இழுவை நேர் பின்னால் போகாமல் பக்கவாட்டில் தள்ளும். வலக்கைக்காரருக்கு அட்டையில் ஓட்டைகள் இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே போகும். இந்தச் சரிவைப் பார்த்துச் சைட்டை 'கிளிக்' திருப்பிச் சரிக்கட்டுபவர்களை எந்த ரேஞ்சிலும் பார்க்கலாம்.

டிரிகர் பிளேடைப் பின்னுக்கு நகர்த்தும் வசதி எல்லாப் போட்டிப் பிஸ்டலிலும் உண்டு. காசு செலவழிக்கும் முன் அதைச் செய்யுங்கள். பல மாடல்களில் கிரிப்பைத் தாங்கும் திருகைத் தளர்த்தினால் கோணத்தையும் சிறிது சாய்க்கலாம். இந்த இரண்டிலேயே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும் என்பது என் எண்ணம். எனக்கு முடியவில்லை. டிரிகர் கடைசி எல்லைக்கு வந்தும் விரலின் முதல் கணுவின் சதை நடுவில் படவில்லை. ஸ்மால் கிரிப்பை மாட்டியதும் விரல் சரியான இடத்தில் விழுந்தது, சைட் நடுவுக்கு வந்தது. ஆனால் உள்ளங்கைக் குழியில் காற்றாடியது.

இப்படி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் சின்னதை வாங்குங்கள். பெரியதை அரத்தால் சீவிக் குறைக்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் டிரிகருக்கான தூரத்தைக் குறைக்கச் சீவ வேண்டிய இடம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட கவட்டை உட்காரும் பின்வளைவு. அங்கே மரம் மெல்லியது, உள்ளே உலோகச் சட்டம் இருக்கிறது. காலியாக இருக்கும் குழியை நிரப்புவது எளிது.

நிரப்ப எபாக்சி புட்டி போதும்; தண்ணீர்க் குழாய் ஓட்டையை அடைக்க ஹார்டுவேர் கடையில் வாங்கும் எம்-சீலே வேலை செய்யும். முதலில் உள்ளங்கையில் முகப்பவுடரைப் பூசி, கிரிப்பைச் சுடும் அழுத்தத்தில் ஒருமுறை பிடித்து விடுங்கள். கறுத்த வால்நட்டில் கை தொட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். வெள்ளை படாத இடம்தான் குழி. அந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் துடைத்துவிட்டு, பிசைந்த புட்டியை மெல்லிய அடையாகப் பதியுங்கள். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்த வாக்கில் அல்ல, கை நீட்டி நின்ற வாக்கில் பிடியுங்கள். தோள் உயர்ந்து கை நீளும்போது உள்ளங்கைத் தசையின் வடிவமே மாறிவிடும். மேசையில் முழங்கையை ஊன்றிப் பதித்த அச்சு நிற்கும்போது பொருந்தாது. புட்டி இறுகியபின் பிதுங்கிய ஓரங்களை அரத்தால் தட்டையாக்கி, மறுபடி பவுடர். மறுபடி அரம். அவசரப்படாமல் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் திட்டுகளோடு இருக்கும் என் கிரிப்பைப் பார்த்து ரேஞ்சில் சிரிக்காதவர் இல்லை.

கையின் அடிப்பக்கத்தைத் தாங்கும் பலகை, நம் ஆட்கள் பாம் ஷெல்ஃப் என்று சொல்வது, கிரிப்பில் மிக அதிகமாகத் தப்பாகப் பயன்படும் பகுதி. மேலும் கீழும் நகரும் இந்தப் பலகையைப் புதிதாக வருபவர்கள் கை நகராதபடி இறுக்கித் திருகிவிடுகிறார்கள். முதல் பத்துக் குண்டுக்கு அது கற்பாறைபோல் உறுதியாகத் தோன்றும். ஆனால் போட்டி 60 குண்டு, 75 நிமிடம். சென்னைப் புழுக்கத்தில் ஏசி இல்லாத ரேஞ்சில் கை கொஞ்சம் வீங்கும். இறுக்கிய பலகையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, நாற்பதாவது குண்டுக்குமேல் விரல் நுனி மரத்து, முன் சைட் துடிக்கத் தொடங்கும். பலகை கையைத் தொட்டால் போதும், கவ்வக் கூடாது.

கை அளவுக்குச் செய்யும் கிரிப்புகளைப் பற்றி. ஜெர்மனியின் ரிங்க் இதில் பெயர் பெற்ற பட்டறை. தாளில் கையை வைத்து விளிம்பை வரைந்து அனுப்பினால் அதற்கேற்பக் கிரிப் செய்து தருவார்கள். நில் என்ற இன்னொரு ஜெர்மன் நிறுவனம் ரிவால்வர்களுக்கும் போட்டிப் பிஸ்டல்களுக்கும் மரக் கிரிப் செய்கிறது. ஏன், இன்று பிஸ்டலுக்குப் பேர்போன ஸ்விட்சர்லாந்தின் மொரினியே கிரிப் செய்து தொடங்கியதுதான். சேசரே மொரினி பிஸ்டல் வடிவமைக்க வந்தது அதற்குப் பிறகு. அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் சிஎம் 162 என்ற மாடலின் தலையில் நிற்கின்றன.

நான் செய்து வாங்கிய கிரிப்பில் விரல் பள்ளங்கள் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. பிடியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் போய் உட்காருகிறது. கையைப் 'பொருத்தும்' வேலையே இல்லை. இதுதான் இதன் பெரிய லாபம். புள்ளி குத்திய சொரசொரப்பு வியர்வையிலும் வழுக்கவில்லை; முதலில் கவட்டைத் தோலைக் கொஞ்சம் தின்றது, அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் மழுக்கினேன். விலை 100 யூரோவைத் தாண்டும். அனுப்பும் கூலி, சுங்க வரி தனி. காத்திருப்பும் உண்டு. ஆனால் வரைபடத்தில் இருப்பது கையின் விளிம்பு மட்டும், சதையின் தடிமன் அல்ல. ஆகவே இதற்கும் கடைசியில் கொஞ்சம் புட்டி தேவைப்பட்டது.

ஒரு எச்சரிக்கை: வளரும் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். பதினான்கு வயதுக் கைக்குச் செய்த கிரிப் பதினாறில் ஆகாது. பாரிஸ் 2024-இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து பிஸ்டல் லேனில் சிறுமிகளை அதிகம் பார்க்கிறேன். அவர்களில் பலர் கிளப்பின் மீடியம் கிரிப்பில் கையை நீட்டி நீட்டித் தப்பான பிடியைப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது சாதாரண ஸ்மால் அல்லது எக்ஸ்ட்ரா ஸ்மால்.

பிரின்டர் கிரிப் மலிவு, எடை குறைவு, கோப்பைத் திருத்தித் திருத்தி மறுபடி அடிக்கலாம். யோசனை என்ற அளவில் எனக்கு மிகவும் பிடித்தது. எனக்கு வந்தது பிஎல்ஏ என்ற சாதாரண பிளாஸ்டிக். அது 60 டிகிரி சுமாருக்கே இளகத் தொடங்கும். மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். ரேஞ்ச் நண்பர் ஒருவரின் இதே வகைக் கிரிப்பில் பாம் ஷெல்ஃப் காரிலேயே வளைந்துவிட்டது. நைலானில் அடித்துத் தருபவர் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். அதிலும் திருகு உட்காரும் இடத்தில் உலோக வளையம் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் திருகு கழன்றுகொண்டே இருக்கும்.

போட்டிக்குப் போகிறவர் விதியையும் பார்க்க வேண்டும். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளன விதிப்படி ஏர் பிஸ்டல் முழுவதும் 420, 200, 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். உப்பலான கட்டைவிரல் தாங்கியும் தாராளமான புட்டியும் சேர்ந்தால் அந்த 50-இல் இடிக்கும். பாம் ஷெல்ஃப் கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும். மேல்நோக்கி வளைந்து கையைக் கட்டிப்பிடிக்கக் கூடாது. கட்டைவிரல் மேலே தடையின்றி எழ வேண்டும், மணிக்கட்டு திறந்திருக்க வேண்டும். எடை 1,500 கிராமுக்குள். கறுப்பு வால்நட்டும் உலோகப் பலகையும் சேர்ந்து எடையைக் கூட்டினால் குழலடியில் மாட்டும் எடைத்துண்டைக் கழற்ற வேண்டி வரும், பிஸ்டலின் சமநிலை மாறும்.

இடக்கைக்காரர்களுக்கு இன்னும் கஷ்டகாலம்தான். வலக்கைக் கிரிப்பில் இடக்கையால் சுட முடியாது. கடைகளில் இடக்கைக் கிரிப் அரிதாகவே இருப்பில் இருக்கும். ஹங்கேரியின் காரோய் டாகாச் 1938-இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையை இழந்தபின் இடக்கையால் பழகி, 1948-இலும் 1952-இலும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார் என்று கோச்சுகள் கதை சொல்வார்கள். கேட்க உற்சாகமாக இருக்கும். கடைக்காரரிடம் இடக்கைக் கிரிப் கேட்டால் மூன்று மாதம் ஆகும் என்பார். இடக்கைக்காரர் பிஸ்டல் வாங்கும்போதே சேர்த்து ஆர்டர் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, சொந்தப் பிஸ்டல் இல்லாதவர்களுக்கு. நம் கிளப்புகளில் ஒரு பிஸ்டலை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்வது வழக்கம். கிரிப்பைக் கழற்றி மாட்டப் பெரும்பாலும் ஒரு அறுகோணச் சாவியும் இரண்டு நிமிடமும் போதும். அதனால் பிஸ்டல் கிளப்புடையதாக இருக்கட்டும், கிரிப் மட்டும் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளப் பிஸ்டல் எந்த மாடல், எந்த வருஷத்தது என்று எழுதிக்கொண்டு போய் வாங்குங்கள், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு ஒரே கிரிப் பொருந்தும் என்று நம்ப முடியாது. மாட்டியதும் திருகை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இறுக்குங்கள். கிரிப் மாறினால் குண்டு விழும் இடமும் மாறும் என்பதால், உங்களுக்குச் சைட்டில் எத்தனை கிளிக் என்பதைக் கிரிப்பின் உட்புறத்திலேயே மார்க்கரால் குறித்து வையுங்கள்.