பித்தளைத் திருகும் அலுமினியப் படகும்

மீன் காட்டும் கருவியின் பெட்டியைப் பிரித்தால் எல்லாருக்கும் முதலில் திரைதான் கண்ணில் படும். எனக்கும் அப்படித்தான். நான்கு அங்குலத் திரை, வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது, பொத்தான்கள் ஈரக்கைக்கு அடங்குகின்றன. பெட்டியின் அடியில் சோப்புக்கட்டி அளவில் கறுப்பாக ஒரு பிளாஸ்டிக் கட்டை, நீள வயரோடு சுருண்டு கிடந்தது. நான் முதலில் கையில் எடுத்திருக்க வேண்டியது அதைத்தான். டிரான்ஸ்டியூசர் என்று பெயர். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும் வாயும் அதுவே, எதிரொலியைக் கேட்கும் காதும் அதுவே. திரை வெறும் கணக்குப்பிள்ளை. காதில் விழுந்ததை எழுதிக்காட்டும், அவ்வளவுதான்.

கருவியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. 77, 200 கிலோஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வேலை செய்யும் சின்னக் கருவி எதை வாங்கினாலும் நான் பட்ட பாடு உங்களுக்கும் உண்டு. அதுவும் படகு அலுமினியமாக இருந்துவிட்டால்.

படகு மச்சானுடையது. மலேசியாவில் இருபது வருடம் இருந்துவிட்டுக் காரைக்குடிக்குத் திரும்பியவர். அங்கே ஆற்றில் தூண்டில் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? 14 அடி நீளம், தட்டையான அடி, ரிவெட்டு அடித்த அலுமினியம். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குக் கொண்டுபோய் இறக்கியபோது கரையில் நின்றவர்கள் விரலால் சுண்டிப் பார்த்தார்கள். அங்கே ஃபைபர் படகும் மர வள்ளமும்தான் வழக்கம். “அண்டாவக் கவுத்துப் போட்ட மாதிரி இருக்கே” என்றார் ஒருவர். தப்பில்லை, சத்தமும் அப்படித்தான் வந்தது.

அந்தக் கரையில் இந்தக் கருவியைப் பொருத்தத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கைப்பழக்கம் எல்லாம் ஃபைபரில். திண்மையான ஃபைபர் அடித்தளம் என்றால் ஓட்டையே போட வேண்டாம். உள்ளே எபாக்ஸி பசை வைத்துக் கட்டையை ஒட்டிவிட்டால் ஒலி ஃபைபரைத் தாண்டிப் போய்த் திரும்பும். அலுமினியத் தகட்டில் இந்த வித்தையை நம்ப முடியாது, ஒலியின் பெரும்பங்கு தகட்டோடு போய்விடும். கட்டை தண்ணீரைத் தொட்டே ஆக வேண்டும். அதற்குப் படகின் பின்பலகையில் திருக வேண்டும். திருக வேண்டுமென்றால் ஓட்டை போட வேண்டும். அலுமினியப் படகில் ஓட்டை போடுவது என்பது பெண் கொடுப்பது மாதிரி, எந்த உலோகத்துக்குக் கொடுக்கிறோம் என்று விசாரித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

நான் விசாரிக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் அழகான பித்தளைத் திருகுகள் கிடைத்தன. தலை உருண்டு, கைபட்டு மினுங்கிக்கொண்டு, ஏதோ ஒரு வீட்டு நிலைக்கதவில் தலைமுறை தலைமுறையாக இருந்தவை. பித்தளை துருப்பிடிக்காது என்ற பெருமையோடு நாலு திருகைப் பின்பலகையில் ஏற்றினேன். சுற்றிலும் குளியலறைக்குப் பூசும் சிலிக்கான். வினிகர் வாடை வந்தது, நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கடலுக்கு முன்னால் ஒரு கண்மாயில் சோதித்தோம். தண்ணீர் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். திரையில் மீன் படம் கொத்துக் கொத்தாக வந்தது. மச்சான் வலையை எடுக்கப் போய்விட்டார். எனக்குச் சந்தேகம். மீன் படம் போடும் வசதியை அணைத்துவிட்டு வெறும் எதிரொலியைப் பார்த்தால், கண்மாய்க்குள் மூழ்கி நிற்கும் கருவேல மரங்கள்! ஒவ்வொரு கிளையையும் கெண்டை என்று எழுதிக்கொண்டிருந்தது கணக்குப்பிள்ளை. மீன் படம் போடும் இந்த வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள் என்பதுதான் கருவியைப் பற்றி நான் சொல்லும் முதல் தீர்ப்பு.

இரண்டாவது தீர்ப்பும் கண்மாயிலேயே கிடைத்தது. ஒலி கூம்பு மாதிரி விரிந்து இறங்கும். 20 பாகைக் கூம்பு என்றால் 10 மீட்டர் ஆழத்தில் தரையில் மூன்றரை மீட்டர் வட்டம் தெரியும். இரண்டு மீட்டரில் அந்த வட்டம் முக்கால் மீட்டர்கூட இல்லை, ஒரு சோற்றுப்பானை மூடியை விடக் கொஞ்சம் பெரிது. படகின் நிழலைக் கண்டு விலகும் மீன் அந்த மூடிக்கு நேர்கீழே வந்து நின்றுகொண்டிருக்குமா? கண்மாய்க்காரர்கள் இதில் காசைக் கொட்ட வேண்டாம்.

தொண்டியில் மூன்று வாரம் படகு உப்புத் தண்ணீரில் நின்றது. போய்ப் பார்த்தேன். பித்தளைத் தலைகள் நான் வைத்தபோது இருந்ததை விடப் பளபளப்பாக இருந்தன. சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. ஒரு திருகைக் கையால் அசைக்க முடிந்தது.

அலுமினியச் சட்டியில் புளியும் உப்பும் வைத்து இரண்டு நாள் விட்டவர்களுக்கு இதில் பாதி கதை தெரியும். மீதிப் பாதி, இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டு நின்றால் அது ஒரு பேட்டரி. துத்தநாகம், அலுமினியம், இரும்பு, பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் என்று ஒரு வரிசை உண்டு. ஜோடியில் முன்னால் நிற்பது தன்னைக் கரைத்துக்கொண்டு பின்னால் நிற்பதைக் காப்பாற்றும். என் பித்தளை பளபளத்ததற்கு மச்சானின் படகு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு அந்த வினிகர் வாடை: சிலிக்கான் இறுகும்போது விடும் அமிலம் அது, உலோகத்துக்கு ஆகாது.

வெட்கம் என்னவென்றால், இது தெரியாமல் இருக்கக் கூடாத ஊர் எங்களூர். உலோக அரிப்பை ஆராய்வதையே ஒரு தொழிலாக வைத்திருக்கும் சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம், காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடல் உப்பில் உலோகம் என்ன ஆகிறது என்று பார்க்க மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். வேடிக்கை, ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் மீன் காட்டும் கருவியை முதன்முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அதே 1948-இல்தான். இரண்டுக்கும் ஒரே வயது. நான் சிக்ரி வாசல் வழியாகத்தான் தினமும் போய்வருகிறேன்.

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. இறைச்சி வெட்டும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்று வாங்கி, அளவாக அறுத்து, அதைப் பின்பலகையில் நீர்மட்டத்துக்கு மேலே இரண்டே போல்ட்டில் பிடித்தேன். பசையால் ஒட்டிவிடலாமே என்று நினைக்காதீர்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது. டிரான்ஸ்டியூசரின் திருகுகள் பலகையோடு முடிந்துவிடும், படகைத் தொடாது. நாளைக்கு உயரத்தை மாற்ற வேண்டுமென்றாலும் பலகையில்தான் புது ஓட்டை. போல்ட்டு எவர்சில்வர். அதுவும் அலுமினியத்துக்குப் பகைதான், வரிசையைப் பாருங்கள். அதனால் நைலான் வாஷர், நைலான் குழாய் போட்டு உலோகம் உலோகத்தைத் தொடாமல் செய்து, படகுக்கென்றே வரும் பாலியூரித்தேன் பசையால் ஈரம் புகாமல் அடைத்தேன். கட்டையும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். வெண்கல உறை போட்டதை அலுமினியப் படகுக்குக் கனவிலும் வாங்காதீர்கள். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்டும் அப்படியே.

உயரத்திலும் முதல் தடவை கோட்டை விட்டிருந்தேன். கையேட்டில் ஒரு வரி, நான் படிக்காமல் புரட்டிய பக்கத்தில்: கட்டையின் அடி, ஃபைபர் படகில் அடித்தளத்துக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்கட்டும், அலுமினியத்தில் 10. ஏன் இந்தப் பாரபட்சம்? படகு ஓடும்போது அடியிலுள்ள ரிவெட்டுத் தலைகளும் விளிம்புகளும் தண்ணீரைக் கடைந்து காற்றுக் குமிழியாகப் பின்னால் தள்ளுகின்றன. ஒலிக்குக் குமிழி ஒரு சுவர். முன்பு மோட்டாரைத் திருகியதும் திரை வெள்ளையாகிப் போனது அதனால்தான். ரிவெட்டு வரிசைக்கு நேர்பின்னால் இல்லாத இடமாகப் பார்த்து, மோட்டார் விசிறியிலிருந்து ஒரு முழத்துக்குக் குறையாமல் தள்ளி, வலப்பக்கம் வைத்தேன். எங்கள் விசிறி வலமாகச் சுற்றுவது, வலப்பக்கத்தில் இதழ் கீழ்நோக்கி இறங்கும். அந்தப் பக்கம் தண்ணீர் அமைதி.

கரன்டுக்கு யுபிஎஸ் பேட்டரி ஒன்று தனியாக, ஃபியூஸோடு. நெகட்டிவ் வயரைப் படகின் உடம்பில் கொடுக்கவே கூடாது, கசியும் மின்சாரம் பித்தளையை விட வேகமாகத் தின்னும். மீந்த வயரை வெட்டவில்லை, சுருட்டிக் கட்டிவிட்டேன்.

பிறகு போனோம். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான், கருவிக்கு விளையாட்டு ஆழம். இங்கே இது மீன் காட்டும் கருவி என்பதை விடத் தரை காட்டும் கருவி. மணல் மெல்லிய கோடு, சேறு தடித்துக் கலங்கிய பட்டை, கடற்புல் என்றால் தரையிலிருந்து எழும் மயிர்க்கால் போன்ற கீற்று. புல் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பு எங்கே என்று தெரிந்தால் தூண்டிலை எங்கே இறக்குவது என்பது தானே தெரிகிறது. வேகத்தைக் கூட்டினோம், கோடு அறுபடவில்லை.

கூட வந்த தொண்டி அண்ணன் திரையை ஒரு நிமிடம் பார்த்தார். “தம்பி, எத்தனை பாகம்னு சொல்லுது?”

“மீட்டர்ல சொல்லுதுண்ணே. ஆறு புள்ளி ஒண்ணு.” ஒரு பாகம் ஆறடி என்று மனக்கணக்குப் போட்டேன். “மூணேகால், மூணரைக்குள்ள.”

அவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். குண்டு தரையைத் தட்டியதும் இழுத்துப் பிடித்து, இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தார். “மூணரை. கொறையாது.”

ஏறத்தாழ கால் மீட்டர் வித்தியாசம். கட்டை நிற்பது தண்ணீர் மட்டத்துக்குக் கால் மீட்டர் கீழே. அது தன் காதிலிருந்துதான் அளக்கிறது, மேலே உள்ளது அதற்குத் தெரியாது. அமைப்புப் பக்கத்தில் அந்தக் கால் மீட்டரைச் சேர்க்கச் சொல்லி ஒரு கட்டம் இருக்கிறது, நான் காலியாக விட்டிருந்தேன். அதை அவர் கயிற்றைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கயிற்றைச் சுருட்டி, பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.