மூன்று அமாவாசைக் கெடு

பிள்ளை ராத்திரியில் அலறி எழுந்தாலும், கடன்காரன் வாசலில் நின்றாலும், மருமகள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாலும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்துக் காணைப் பக்கம் சொல்லும் யோசனை ஒன்றுதான்: "மலையனூருக்கு மூணு அமாவாசை தொடர்ந்து போயிட்டு வாங்க, ஆத்தா பாத்துக்குவா." செஞ்சியைத் தாண்டி மேல்மலையனூர். அமாவாசை இரவில் அங்காளம்மன் ஊஞ்சலில் அமர, ஆயிரக்கணக்கான கைகளில் சூடம் எரியும்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் வீட்டில் வாய்திறக்க முடியாத ஒருத்தி அங்கே தலைவிரித்துக் கதறலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. முடிவு தெரியாத பயத்துக்கு ஒரு தேதி கிடைக்கிறது, அதுவரை தாங்கிக்கொள்ளத் தெம்பும் கிடைக்கிறது. தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரைப் பற்றிய ஆய்வு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தனிச் சடங்கு, மருந்து எதுவுமின்றியே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. ஒப்பிட வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வுதான். ஆனாலும் விரட்டாத இடமே பாதி வைத்தியம் என்பதை நான் நம்புகிறேன்.

கோளாறு அந்தக் கெடுவில் இருக்கிறது. முதல் அமாவாசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 59 நாள். கடன் கவலைக்கு அது பரவாயில்லை. காதில் குரல் கேட்கும் பையனுக்கு அத்தனை நாளும் நோய் முற்றுகிற காலம். மூன்றும் முடிந்து குணமாகாவிட்டால் பழி அம்மன்மேல் விழாது. "உனக்கு நம்பிக்கை போதலை" என்று நோயாளிமேல் விழும். அல்லது சூனியம் வைத்ததாக ஓரகத்திமேல் விழும். பயந்தவருக்குத் துணையாக இருக்கவேண்டிய பக்தி, வீட்டுக்குள் இன்னொரு எதிரியை உண்டாக்கிவிடுகிறது. இதுதான் என் பெரிய குறை.

நோயைப் பக்தியிடம் மட்டுமே விட்டுவிடுவதன் கோர எல்லை ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அந்தத் தர்கா ஊரின் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலியைக் கேட்டது பக்தி அல்ல. ஆனால் பக்தியின் பேரில்தான் குடும்பங்கள் அவர்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பின.

அன்றாட நம்பிக்கை கெடு வைப்பதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியபோது, மேட்டுக்கு ஏறியவர்கள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேதான் ஏறினார்கள். காலும் நடந்தது, வாயும் வேண்டியது. மனநோய் என்றால் மட்டும் இந்த இரண்டையும் ஏன் பிரிக்கிறோம்?

திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலில் பிரிக்கவில்லை. 48 நாள் தங்கி வழிபடும் வழக்கமும் அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. நமக்கும் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் சொல்லிக் கேட்காத குடும்பமும், "ஆஸ்பத்திரிக்கும் போ, நான் கூட வரேன்" என்று அம்மன் அருள் வந்தவர் சொன்னால் மறுநாளே பஸ் ஏறிவிடும்.