பாதிப்பும் பாதியும்

எங்கள் சங்கரன்கோவில் பேச்சில் 'பாதிப்பு' என்றால் நஷ்டம். விமர்சகர்களுக்கோ அது கடன், யாரிடம் யார் வாங்கினார் என்கிற கணக்கு. கு. அழகிரிசாமி – கி. ராஜநாராயணன் உறவுக்கு இரண்டுமே பொருந்தவில்லை. இருவருக்கும் ஒரே இடைசெவல், ஒரே சங்கீதப் பித்து. அவர் சென்னை, மலேயா என்று போனார். இவர் சம்சாரியாக ஊரில் இருந்தார். நடுவில் கடிதங்கள். ஆனாலும் நடை ஒட்டவேயில்லை: அவருடையது அடங்கிய எழுத்து நடை, இவருடையது கரிசல் வாய்ப்பேச்சு. ஊரை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒரு வாசகன் இருந்ததால்தான் இருவரும் இப்படி விலகிப்போக முடிந்தது என்பேன். 'இதுல யாரு பெரியவரு'ன்னு கேட்பது, எங்க கோயில் கதையில் சங்கனும் பதுமனும் சிவனா திருமாலா என்று அடித்துக்கொண்ட கேள்விதான். சங்கரநாராயணர் சிலையிலாவது எந்தப் பாதி யாருடையதென்று தெரிகிறது. 1970இல் அழகிரிசாமி போய், கி.ரா. 2021 வரை இருந்தும், இவர்களை அப்படிப் பிரிக்க என்னால் முடியவில்லை.