ஆய்வேட்டின் ஏழு இயல்களும் வெண்மணித் தீர்ப்பும்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறவரிடம் விலங்கியல் துறையிலும் கேட்கிறார்கள், தமிழ்த்துறையிலும் கேட்கிறார்கள், கல்வியியலிலும் சட்டத்திலும் கேட்கிறார்கள்: ‘உங்க கருதுகோள் என்ன?’ தவளையின் ஈரலை அறுத்துப் பார்க்கிறவருக்கும், ஒரு பழம்பாடலின் பாடபேதத்தைச் சுவடியோடு சுவடி வைத்து ஒப்பிடுகிறவருக்கும், நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் பிரித்துப் படிக்கிறவருக்கும் ஒரே வாசற்படி. அப்புறம் அறிமுகம், ஆய்வு முன்னோடிகள், ஆய்வு அணுகுமுறை என்று ஆரம்பித்து முடிவுரை வரைக்கும் ஏழு இயல்கள். எழுத வேண்டியது இன்னதென்று தெரிவதற்கு முன்பே ஆய்வேடு என்கிற பிரதி எழுதி முடிக்கப்பட்டுவிடுகிறது. ஆய்வாளர் கோடிட்ட இடங்களை நிரப்பினால் போதும்.

இதை வெறும் தரக்குறைவு என்று புலம்புவதில் எனக்கு அக்கறையில்லை. தமிழ்த்துறை ஆய்வேடுகளைக் கேலி செய்வது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்கு ரொம்ப நாளாக ஒரு பொழுதுபோக்கு. அதைச் செய்து செய்து, பக்கத்துத் துறைகளில் என்ன நடக்கிறதென்று பார்க்காமலே இருந்துவிட்டோம். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எது சான்று என்று யார் தீர்மானிப்பது?

ஒவ்வொரு துறைக்கும் சான்று வேறு வேறு. ஆய்வுக்கூடத்தில், ஒருவர் செய்ததை இன்னொருவர் இன்னோர் ஊரில் திரும்பச் செய்து பார்க்க முடிந்தால் அது சான்று. இலக்கியத்தில், ஒரு வாசிப்பை இன்னொரு வாசிப்பு மறுக்கும், அந்த மறுப்பிலிருந்துதான் முதல் வாசிப்புக்கே பலம் வரும். சட்டத்தில் எது சாட்சியம், எது சாட்சியமில்லை என்று ஒரு புத்தகமே போட்டு வைத்திருக்கிறார்கள். 1872இல் வெள்ளைக்காரன் எழுதியது, 2024 ஜூலை முதல் வாயில் நுழையாத ஒரு சமஸ்கிருதப் பேரோடு நடமாடுகிறது. ‘அவர் சொல்லக் கேட்டேன், இவர் சொல்லக் கேட்டேன்’ என்பதைப் பொதுவாக நீதிமன்றம் ஏற்காது. ஆனால் நாட்டார் வழக்காற்றியலுக்கு அந்தக் கேள்விச் சாட்சியம்தான் மூலதனமே. பாட்டி சொன்னாள், பாட்டிக்கு அவள் பாட்டி சொன்னாள். சட்டம் வாசலில் நிறுத்துகிற ஆளை நாட்டாரியல் பாய் போட்டு உட்கார வைக்கிறது.

இந்தப் பன்மைதான் ஆய்வின் செல்வம். பல்கலைக்கழக மானியக் குழுவின் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை. 2010இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறை வந்தது, கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று. பிறகு ஏற்கப்பட்ட இதழ்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள், 2025இல் அதைத் தூக்கிவிட்டார்கள். 2018இன் கருத்துத் திருட்டு விதியில் பத்து விழுக்காடு வரை ஒற்றுமை இருக்கலாம், பொதுவான சொற்றொடர் பதினான்கு சொல் வரைக்கும் கணக்கில் வராது. பதினான்கு சொல்லுக்குள் இரண்டு குறள் அடங்கிவிடும் என்பது விதி எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பழைய ஆய்வேடுகள் பலவற்றை ஏதேதோ எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள், கணினிக்கு அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிகின்றன. ஆகவே அதிலிருந்து முழு இயலையே தூக்கினாலும் இயந்திரம் பேசாது.

கல்வியியலைப் பாருங்க. முந்நூறு மாணவர்கள், ஐந்து புள்ளி அளவுகோல் கொண்ட ஒரு வினாத்தாள். ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசுப் பள்ளி–தனியார் பள்ளி. கடைசியில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’. நான் புரட்டிய ஆய்வேடுகளில் பாதிக்குமேல் இதுதான் கண்டுபிடிப்பு. இதே தமிழ்நாட்டில்தான் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். தண்ணிக் குடத்தைக் கட்டிக்கொண்டு, பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார்கள். கல்வி என்றால் என்ன என்பதையே அது மாற்றிப் போட்டது. ஐந்து புள்ளி அளவுகோலில் சைக்கிளுக்கு எந்தப் புள்ளி?

‘துறை’ என்கிற சொல்லையே கொஞ்சம் கிண்டிப் பார்க்கலாம். ஆற்றில் இறங்குமிடம் துறை. நம்ம ஊர்களில் அதையும் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். இன்னார் இங்கே இறங்கலாம், இன்னார் அந்தக் கீழ்த்துறைக்குப் போகணும். ஆறு ஒன்றுதான். அறிவுத்துறை என்பது ஒழுங்குபடுத்தலும்கூட என்று ஃபூக்கோ சொன்னதைப் புரிந்துகொள்ள நமக்குப் பிரெஞ்சு அகராதி தேவையில்லை.

ஆனாலும் துறை மாறி இறங்கியவர்கள்தான் தமிழாய்வில் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். வையாபுரிப்பிள்ளை வழக்கறிஞராக இருந்தவர். நூல்களுக்குக் கால வரிசை கட்டும்போது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற புத்தி அவரிடம் வேலை செய்ததென்று நினைக்கிறேன். அதற்குக் கிடைத்த வசவுகள் தெரிந்த கதை. ஐராவதம் மகாதேவன் படித்தது வேதியியலும் சட்டமும், பார்த்தது இந்திய ஆட்சிப் பணி. 1977இல் சிந்துவெளி எழுத்துகளுக்குக் கணினி வழியாகத் தொடரடைவு தந்தார். 2003இல் தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலைத் தந்தார். குகை குகையாக ஏறிப் படியெடுத்த கல், இலக்கணம், கணினி, எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

அவரிடம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. பொருந்தலில் கா. ராஜன் கண்டெடுத்த நெல்மணிகளுக்கு கி.மு. 490 என்று காலம் வந்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். ஓர் ஒற்றைக் காலக்கணிப்பை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றார் மகாதேவன். கீழடி விவகாரத்தில் நாம் இதை மறந்துவிட்டோம். 353 செ.மீ. ஆழத்துக் கரிக்கு கி.மு. 580 என்று 2019இல் அறிக்கை வந்ததும், மேடைக்கு மேடை அதைக் கல்யாணப் பத்திரிகை முகூர்த்த நேரம் மாதிரி வாசித்தார்கள். கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 800க்கும் 400க்கும் இடையே திருத்த வளைகோடு கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கிறது. அந்த இடைவெளியில் விழுகிற எந்தக் கரிக்கும் ஒற்றை ஆண்டு சொல்ல முடியாது, நூற்றாண்டுகள் அகலமான ஒரு வீச்சைத்தான் சொல்லலாம். தவிரவும் அது கரியின் காலம். ஓட்டில் கீறிய எழுத்தின் காலமாக அதை மாற்றுவது மண்ணடுக்கு பற்றிய வாதம். அங்கே இயற்பியல் முடிந்து தொல்லியல் ஆரம்பிக்கிறது.

இதைச் சொன்னால் தில்லிக்காரனுக்குத் துணைபோவதாக ஆகாது. 2023 ஜனவரியில் அமர்நாத் ராமகிருஷ்ணன் 982 பக்க அறிக்கை கொடுத்தார். இரண்டு வருஷத்துக்குமேல் கிடப்பில் போட்டுவிட்டு 2025 மே மாதத்தில் திருத்தித் தரச் சொன்னது இந்தியத் தொல்லியல் துறை. அவர் மறுத்தார். இன்னும் அறிவியல் சான்று வேணும் என்றார் ஒன்றிய அமைச்சர். அறிவியலுக்கே உரிய ஐயத்தை அரசு கடன் வாங்கி வைத்துக்கொண்டு, தனக்குப் பிடிக்காத வரலாற்றின்மேல் மட்டும் பிரயோகிக்கிறது. சரஸ்வதி ஆற்றைத் தேடும்போது இந்த ஐயம் எங்கே போயிருந்தது?

எல்லாமே பிரதிதான் என்று ஒரு காலத்தில் நம் பத்திரிகைகளில் எழுதித் தள்ளினோம். 1996இல் சோக்கல் என்கிற இயற்பியல்காரர் அபத்தமாக ஒரு கட்டுரையை எழுதி ஒரு கோட்பாட்டு இதழில் வெளியிட வைத்துச் சிரித்தார். அவர் சிரித்ததில் பாதி நியாயம் இருக்கிறது. கரித்துண்டுக்கென்று ஒரு பிடிவாதம் உண்டு, அது நம் வாசிப்புக்கு முழுசாக வளைந்து கொடுக்காது. ஆனால் வளைந்து கொடுக்கக் கூடாத இடத்தில் வளைத்த ஒரு வாசிப்பைப் பற்றி, யாரும் சிரிக்க முடியாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தலித்துகள், கூலி விவசாயக் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சாட்சியங்களில் முரண்பாடு என்றது தீர்ப்பு. அது சட்டத்தின் எல்லைக்குள் வருகிற பேச்சு, வாதாடலாம். ஆனால் அதோடு நிற்கவில்லை. இவர்களெல்லாம் பெருநிலக்காரர்கள், ஒருவர் கார் வைத்திருப்பவர், இப்படிப்பட்டவர்கள் ஆளை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்புவது கடினம் என்று போனது.

இந்த வாக்கியம் எந்தத் துறையைச் சேர்ந்தது? எந்தச் சாட்சியும் கூண்டில் ஏறி இதைச் சொல்லியிருக்க முடியாது. எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ‘பாத்திரப்படைப்பு’ இது. இன்ன பாத்திரம் இன்ன காரியத்தைச் செய்யாது, செய்தால் பாத்திரத்தின் இயல்பு கெடும். நீதிமன்றம் ஒரு கதையாடலை வாசித்து, மிராசுதார் என்கிற பாத்திரத்தின் இயல்புக்குப் பொருந்தவில்லை என்று தள்ளியிருக்கிறது. சட்டத்துறைக்குள் நுழைந்த இலக்கிய விமர்சனம், அதுவும் மட்டமான விமர்சனம். வேறு யாராவது செய்திருந்தால் ‘இது ஆய்வே இல்லை, ஊகம்’ என்றிருப்பார்கள். துறையின் எல்லை எளியவனுக்குத்தான் வேலி. அதிகாரம் அதை நினைத்தபோது தாண்டும், தாண்டியது யார் கண்ணிலும் படாது.

இரண்டு வருஷம் கழித்து, 1975இல் இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வந்தது, 1977இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. அதில் பண்ணையாரின் ஆண்மைக் குறைபாடு கொலைக்கு உளவியல் காரணமாகிறது. இடதுசாரிகள் அதை அப்போதே கண்டித்தார்கள், சரிதான். நான் கவனிப்பது வேறொன்று. தீர்ப்பு நிலக்காரரின் கௌரவத்துக்குள் போய் அவர் குற்றமற்றவர் என்று கண்டது, நாவல் நிலக்காரரின் ரகசியத்துக்குள் போய்க் குற்றத்துக்குக் காரணம் கண்டது. ரெண்டு பேருக்கும் மிராசுதாரின் மனசுதான் முக்கியமாகப் பட்டிருக்கிறது. அரைப்படி நெல் கூடக் கேட்டவர்களின் மனசு ரெண்டிலும் மையத்துக்கு வரவே இல்லை.

சமூகவியல்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். தஞ்சை உலகளவில் ஆராயப்பட்ட மாவட்டம். ஆந்த்ரே பெத்தேய் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் தஞ்சைக் கிராமம் ஒன்றைப் பற்றியது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். சேரிக்குள் இயல்பாகப் போய்வர அந்த இருப்பிடமே தடையாக இருந்தது. களஆய்வு என்கிறோம், களத்தில் நமக்கு யார் வீட்டில் சோறு என்பதிலேயே பாதி முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. தீர்ப்பு வந்த அதே 1973இல் அதைப் பிரித்துப் படித்து ஒரு பொருளாதார வார இதழில் எழுதியவர் மைதிலி சிவராமன். சம்பவம் நடந்த கையோடு ஊருக்குப் போனவர், தொழிற்சங்கவாதி, பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர் இல்லை. கூலித் தகராறின் பொருளாதாரம், நேரில் கேட்ட வாய்மொழி, தீர்ப்பின் வாசகங்கள் எல்லாவற்றையும் அவர் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எந்தத் துறையின் ஏழு இயலுக்குள்ளும் அது அடங்காது. வெண்மணி பற்றி இன்று யார் எழுதினாலும் அங்கே போய்த்தான் ஆகணும்.

‘குருதிப்புனல்’ பாத்திரப்படைப்பு பற்றித் தமிழ்த்துறை ஆய்வேடுகள் பார்த்திருக்கிறேன். தீர்ப்பை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்ட ஒன்றைக்கூட இன்னும் பார்க்கவில்லை. சென்ற வருஷம் ஒரு தோழி அதைச் செய்யலாம் என்று கிளம்பினார். சாட்சிகளின் வாக்குமூலம் தமிழில் சொல்லப்பட்டு, ஆங்கிலத்தில் பதிவாகி, தீர்ப்பில் சுருங்குகிறபோது என்னென்ன உதிர்கிறது என்பது அவருடைய கேள்வி. சட்டம் படிப்பிக்கிற இடத்தில், இது மொழி சம்பந்தப்பட்டது, தமிழ்த்துறைக்குப் போங்கம்மா என்றார்கள். தமிழ்த்துறையில் நிரல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூலின் ஆசிரியர் பெயர்’ என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டிருக்கிறார்கள். ஆசிரியனின் மரணம் பற்றி நாம் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துப் போட்டதெல்லாம் அந்த மேசை வரைக்கும் போய்ச் சேரவில்லை. தோழி பதிவு செய்யவில்லை. கிடைத்த தீர்ப்பு நகலோடு நாகப்பட்டினம் பக்கம் போய், அந்த ராத்திரியில் சிறுபிள்ளைகளாக இருந்து இப்போது அறுபதைத் தாண்டிவிட்டவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னும் எத்தனை வருஷத்துக்கு அவர்கள் இருப்பார்கள் என்பது ஒன்றுதான் அவருக்கு இருக்கிற கெடு.