குந்தாவில் நடந்த வகுப்பு

பள்ளிக்கூடத்தை மூடினால் படிப்பு போச்சு என்று புலம்புகிறவர்களைப் பிடித்து ஒரு மாதம் மஞ்சூரில் விட வேண்டும். நீலகிரியில் குந்தா தாலுகாவுக்குத் தலைமையிடமான அந்தச் சின்னக் கடைவீதியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் ஹட்டி, அதாவது கிராமம். 2020 மார்ச்சில் கொரோனாவால், நாங்கள் இருக்கும் கோவையில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், நாலு நாள் இருந்துவிட்டு வரலாம் என்று பிள்ளைகளோடு மலையேறினோம். மார்ச் 25-ல் நாடே அடைபட்டது. அப்புறம் மாவட்டம் தாண்ட இ-பாஸ். ஊரெல்லாம் தலையில் கை வைத்த நேரத்தில் எங்களுக்கு அடித்தது யோகம்!

ஆன்லைன் வகுப்பு பற்றிப் பேச அதிகமில்லை. சிக்னல் வேண்டுமென்றால் தேயிலைக் காட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கே மஞ்சு இறங்கினால் டீச்சரும் மறைந்துவிடுவார். கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கை கொடுத்தது. உண்மையான தலைமையாசிரியை என் அம்மாதான், பிள்ளைகளுக்கு ஹெத்தெ.

"கிள்ளணும் கண்ணு, பிடுங்கக் கூடாது. ரெண்டு இலை, ஒரு மொட்டு." இதுதான் முதல் பாடம். நாலு கிலோ, நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும் என்று அவள் சொல்ல, சின்னவனுக்குப் பொறுக்கவில்லை. "மிச்சம் எங்கே போச்சு ஹெத்தெ, ஃபேக்டரிக்காரங்க எடுத்துக்குவாங்களா?" அவள் பதில் சொல்லவில்லை. ஒரு கிலோ கொழுந்தை நிறுத்து முறத்தில் பரப்பி அடுப்பங்கரையில் வைத்தாள். விடிந்ததும் பையனே தராசைத் தூக்கினான். இலை துவண்டிருந்தது, எடையும் இறங்கியிருந்தது. "தண்ணிப்பா! தண்ணிதான் போயிருக்கு!" அன்றைக்கு அவன் போட்ட கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். பின்னம், சதவீதம், ஆவியாதல் மூன்றும் ஒரு முறத்துக்குள் முடிந்தன. இதற்கா கோவையில் அவ்வளவு ஃபீஸ் கட்டினேன்?

ஆனால் என்னைக் கேட்டால், அந்த வருடத்தின் பெரிய பாடம் குந்தா மின்திட்டம்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் உறைத்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கை கொடுக்க, 1950-களில் தொடங்கிய வேலை. அவலாஞ்சி, எமரால்டு அணைகளின் தண்ணீர் குந்தா பாலத்தில் முதல் பவர் ஹவுஸை ஓட்டுகிறது. அதே தண்ணீர் மலையைக் குடைந்து இறங்கிக் கெத்தையில் இரண்டாவதை, பரளியில் மூன்றாவதை, பில்லூரில் நான்காவதை ஓட்டுகிறது. ஒரே தண்ணீரிடம் நாலு முறை வேலை வாங்கியிருக்கிறார்கள்!

இதைப் புரியவைக்கக் கறுப்பு ஹோஸ் பைப் ஒன்று போதும். எங்கள் தொட்டியிலிருந்து சரிவில் இறக்கி, நுனியைக் கட்டை விரலால் பாதி அடைத்துப் பிடித்தோம். மேல் தட்டில் சோம்பலாகப் பீய்ச்சியது, அடித் தட்டில் விரலையே தள்ளிக்கொண்டு போனது. பெரியவள் தட்டுக்குத் தட்டு இறங்கி அளந்து படம் போட்டாள். படத்தை முடித்துவிட்டு, "அவலாஞ்சிகிட்ட இருக்கிறது அஞ்சாம் நம்பர் பவர் ஹவுஸ். ஒண்ணுக்கு மேலே எப்படிப்பா அஞ்சு?" என்று மடக்கினாள். முதலில் கட்டியது குந்தா பாலமும் கெத்தையும். அப்பர் பவானி அணைத் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் அந்த ஐந்தாவது, அப்புறம் வந்தது. எந்தப் பாடப்புத்தகமும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க வைத்ததில்லை.

இன்னொன்று. பில்லூர் அணையும் கோவைக்குக் குடிநீர் தருகிறது. "அப்போ நம்ம ஃபிளாட் குழாயில வர்றது நம்ம ஊர்த் தண்ணியா?" என்று இரண்டும் துள்ளியதில் வீட்டுக் கூரை பறக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லா வீட்டுக்கும் இப்படி அமையவில்லை என்பதும் தெரியும். எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரே போன். அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் திண்ணையில் இடைவெளி விட்டு இடம் போட்டோம். வந்தவர்களில் ஒருத்தி காட்டெருமைத் தடத்தைப் பார்த்தே அது எந்தப் பக்கம் போனது என்று சொல்வாள். அவளுக்கு நாங்கள்தான் மாணவர்கள்.

சாயங்காலம் ராகிக் களி, அவரைக் குழம்பு. அதற்குமேல் தவிட்டுப்பழம் பறித்துத் தின்று ஊதா நாக்கை ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டும் போட்டி. என் மனைவிக்கும் எனக்கும் சேர்ந்து உட்கார்ந்து காபி குடிக்க நேரம் கிடைத்ததே, அதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.

2021 நவம்பர் 1-ல் ஒன்று முதல் எட்டு வரை பள்ளிகள் திறந்தன. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாக, 43 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே இறங்கினோம். இருபதைத் தாண்டியதும் சின்னவன் வாந்தியெடுத்தான், பெரியவள் எண்ணிக்கையை விடவில்லை. இன்னும் அந்த ஐந்தாம் நம்பரை நேரில் பார்க்கவில்லை என்று இரண்டு பேரும் என்னை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அனுமதிக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.